உனக்குப் பதிலாக நான் சொன்ன பதில்

தினேசு, சாப்பிட்டாயா என்று கேட்காமல் நான் உன்னிடம் பேச ஆரம்பிப்பது இதுதான் முதல் தடவை. அதைக் கேட்டுவிட்டால் நீ "சாப்டேம்மா" என்பாய், நான் "இன்னா கொழம்பு" என்பேன், சொல்ல வந்ததெல்லாம் உள்ளேயே போய்விடும். போன ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் ஆனது. அதனால்தான் போன் வேண்டாம் என்று இதை எழுத வைக்கிறேன். எனக்கு என் பெயரை எழுதவும் பஸ் போர்டு படிக்கவும் மட்டும்தான் தெரியும். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் உன் தங்கச்சி பவித்ரா. தாலுக்கா ஆபீசுக்கு எதிரில் இருக்கிற ஜெராக்ஸ் கடையில் ஊர் ஜனங்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறவள் இன்றைக்கு அம்மாவுக்கு எழுதுகிறாள். என் பேச்சை அப்படியே எழுதினால் நீ சிரிப்பாயாம், அதனால் நேராக்கி எழுதுகிறாளாம். பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உன் போனுக்கு அனுப்புவாள். வெள்ளிக்கிழமை விடிவதற்குள் நீ இதைப் படித்துவிட வேண்டும்.

நீ சொன்னதை நான் ஒழுங்காகக் காதில் வாங்கினேனா என்று திரும்பச் சொல்லிப் பார்க்கிறேன். நீ வேலை செய்கிற குளிர்பதனக் கிடங்கில், காயும் மீனும் கெடாமல் இருக்க ஒரு மெஷின் ரூம் இருக்கிறது. அதில் அமோனியா என்கிற வாயு குழாய் குழாயாக ஓடுகிறது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஆபரேட்டர் வேலையை விட்டுப் போய்விட்டார். பெட்டி ஏற்றி இறக்கச் சேர்ந்த உன்னை, ஐடிஐ படித்தவன்தானே என்று, அவர் போவதற்கு முன்னால் இரண்டு நாள் அவர் பக்கத்தில் நிற்க வைத்தார்கள். அந்த இரண்டு நாளே பயிற்சி, திங்கட்கிழமையிலிருந்து நீ தனியாகப் பார்த்துக்கொள் என்கிறார் உன் சூப்பர்வைசர். நீ முடியாது என்று சொல்லியிருக்கிறாய். வெள்ளிக்கிழமை வரைக்கும் யோசி, இல்லை என்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம் என்றிருக்கிறார்கள். இதைத்தானே சொன்னாய்?

நீ சொன்ன வார்த்தைகள் கூட எனக்கு ஞாபகம் இருக்கின்றன. "எந்த வால்வ மூடுனா எது நிக்கும்னே எனக்குத் தெரியாதும்மா. லீக் ஆச்சுன்னா எந்தப் பக்கம் ஓடணும்னு கூட யாரும் சொல்லல. செவுத்துல மாஸ்க் ஒண்ணு மாட்டியிருக்குது, அது வேல செய்யுதான்னு யாருக்கும் தெரியல." அதற்கு நான் சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. "எல்லாரும் தெரிஞ்சிக்கினா பொறக்கறாங்க? செய்யச் செய்யத்தாண்டா வரும். கொஞ்சம் அனுசரிச்சிப் போ. டென்சன் ஆவாத." நீ "சரிம்மா, வைக்கிறேன்" என்றாய். அந்தச் சரிக்கு என்ன அர்த்தம் என்று நான் யோசிக்கவே இல்லை. அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது, போய் இறக்கி வைத்தேன்.

அதோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வல்லத்திலிருந்து எத்திராஜ் மாமா வண்டியில் வந்தார். உன்னை அந்தக் கம்பெனியில் சேர்த்துவிட்டவர் அவர்தானே, உன் சூப்பர்வைசர் அவரைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். வண்டியை விட்டு இறங்கக்கூட இல்லை. "போன எடுக்க மாட்றான் உன் புள்ள. திங்கக்கெழம மெஷின் ரூமுல ஏறுவானா, மாட்டானா? ஒரு வார்த்த சொல்லு, நான் அங்க பதில் சொல்லணும்" என்றார். நான் யோசிக்கவில்லை. கையில் இருந்த முறத்தைக் கூடக் கீழே வைக்கவில்லை. "அவன் செய்வான்ணா" என்று சொல்லிவிட்டேன். மாமா சந்தோஷமாகக் கிளம்பிப் போனார். அவருக்குக் கொடுக்கத் தண்ணீர் கொண்டுவந்த பவித்ரா, சொம்பை வாசற்படியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மறுநாள் காலையில் தலை வாரிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "இன்னாம்மா, எனக்குச் சொன்ன மாதிரியே சொல்ற" என்றாள். இரண்டு வருஷத்தில் அதைப் பற்றி அவள் பேசிய முதல் வார்த்தை அது. எதைப் பற்றி என்று உனக்குத் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டது நான். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஆனால் அதற்கு முன்னால் நான் எப்படி இப்படி ஆனேன் என்று சொல்லிவிடுகிறேன். பவித்ரா சின்ன வயதிலிருந்தே வாய் திறக்காத பிள்ளை. யாராவது பெயர் கேட்டால் என் முந்தானைக்குள் போய்விடுவாள், நான் பெயரைச் சொல்வேன். ரேஷன் கடையில், பஸ்ஸில், டீச்சர் முன்னால், எங்கே எவர் எதைக் கேட்டாலும் பதில் சொல்வது நான்தான். அது அவளுக்குச் செய்கிற உதவி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். காணும் பொங்கலுக்கு நாம் எல்லாரும் செஞ்சிக் கோட்டைக்குப் போனது உனக்கு ஞாபகம் இருக்கும். உனக்குப் பத்து வயது, அவளுக்கு ஐந்து. உங்க நைனா முட்டி வலி என்று கீழேயே உட்கார்ந்துவிட்டார். ராஜகிரி உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் பாறை இரண்டாகப் பிளந்திருக்கிற இடத்தில் ஒரு சின்னப் பாலம் வருமே, அங்கே அவள் நின்றுவிட்டாள். "வேணாம்மா" என்றாள். நீ கூட, "அவ வேணான்றா இல்ல, விடும்மா, நான் அவகூட இங்கயே ஒக்காந்துக்கறேன்" என்றாய். பின்னால் கூட்டம் நிற்கிறது. ஒருத்தர், "எம்மா, தூக்கிக்கினு போ, இல்லனா தள்ளிக்க" என்று கத்துகிறார். நான் அவளை இடுப்பில் அள்ளிக்கொண்டு நடந்துவிட்டேன். அந்தப் பக்கம் இறக்கிவிட்டதும் இரண்டு நிமிஷம் அழுதாள், பிறகு வெள்ளரிக்காய் வாங்கிக் கொடுத்ததும் சிரித்தாள். நீங்கள் இரண்டு பேரும் காற்றில் சட்டையை விரித்துக்கொண்டு ஓடினீர்கள்.

அன்றைக்கு நான் ஒரு தப்பான பாடத்தைக் கற்றுக்கொண்டேன். இந்தப் பெண் வேண்டாம் என்றால் அது பயம், பிடித்து இழுத்துக்கொண்டு போனால் சரியாகிவிடும் என்று மனசில் எழுதிக்கொண்டேன். அந்தப் பாலத்தைக் கட்டியவனுக்குக் கட்டத் தெரிந்திருந்தது, எனக்கு முன்னால் நூறு பேர் என் கண்ணெதிரே அதில் நடந்து போனார்கள், அதனால்தான் ஒன்றும் ஆகவில்லை. அதை யோசிக்கிற புத்தி எனக்கு அப்போது இல்லை. பயம் வேறு, தெரியாதது வேறு. பயந்தவளைக் கையைப் பிடித்து நடத்தலாம். தெரியாதவளுக்குத் தெரிந்தவர் சொல்லிக் கொடுக்க வேண்டும். எனக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரிந்தது, ஏனென்றால் அவள் எதை எப்படிச் சொன்னாலும் என் காதில் "வேணாம்மா" என்ற ஒரே வார்த்தையாகத்தான் விழுந்தது.

பள்ளிக்கூடமும் அப்படித்தான். உங்க நைனா இறந்துபோன வருஷம் அவள் ஒன்பதாவது முடித்திருந்தாள். வீட்டைப் பார்க்க ஆள் வேண்டும், நான் கோடவுனுக்குக் கூலி வேலைக்குப் போக வேண்டும். பெரிய டீச்சர் கூப்பிட்டு, "நீ இன்னா சொல்ற பவித்ரா, படிக்கிறியா, நின்னுக்கிறியா" என்று அவளைப் பார்த்துத்தான் கேட்டார். நான், "அவளுக்குப் படிப்பு ஏறல டீச்சர்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். அவள் தமிழில் வகுப்பிலேயே முதல். அது எனக்கும் தெரியும், டீச்சருக்கும் தெரியும். இதை எழுதும்போது அவள் பேனா கொஞ்சம் நின்றது. நான் "எழுதிக்கோ" என்று சொன்னேன். எழுதிவிட்டாள்.

இப்போது கோடவுனைப் பற்றிச் சொல்கிறேன். பதினேழு வயதில் அவளையும் என்னோடு கூட்டிப் பெருக்க அழைத்துப் போனேன், அது உனக்குத் தெரியும். நெல் மூட்டையும் மல்லாட்டைக் கடலை மூட்டையும் கூரை தொடுகிற உயரத்துக்கு அடுக்கி வைத்திருப்பார்கள், அந்த அடுக்குக்கு அட்டி என்று பேர். வண்டு விழாமல் இருக்க சில மாதத்துக்கு ஒரு தடவை அட்டிக்கு மருந்து வைப்பார்கள். மாத்திரை மாதிரி இருக்கும். அதை வைத்து, அட்டி முழுக்கப் பெரிய பிளாஸ்டிக் கவர் போர்த்தி, காற்று போகாமல் ஓரம் முழுவதும் மணல் அடைத்த நீளப் பைகளை வைத்து அழுத்திவிடுவார்கள். ஒரு வாரம் யாரும் கிட்டே போகக் கூடாது. அதற்கென்று படித்துவிட்டு வந்த ஒருவர் திண்டிவனத்திலிருந்து வருவார். முகத்தில் பெரிய முகமூடியும் கையில் உறையும் போட்டுக்கொண்டு, எங்களை எல்லாம் ரோட்டுக்கு அனுப்பிவிட்டு அவர் மட்டும் செய்வார். நாங்கள் புளிய மரத்தடியில் உட்கார்ந்து கதை பேசுவோம்.

அந்த மழைக்காலத்தில் ஒரு நாள் அவர் வரவில்லை. கோடவுன் மேஸ்திரி எங்களைக் கூப்பிட்டார். மாத்திரை டப்பாவை நீட்டி, "அவன் வர்ற வரைக்கும் வண்டு காத்துக்கினு இருக்குமா? நீங்களே வச்சிடுங்க. அரிசி டப்பாவுல வேப்பல போடறது இல்ல? அது மாதிரிதான்" என்றார். என்னோடு பெருக்குகிற அஞ்சலை உட்பட நாங்கள் மூன்று பொம்பளைகளும் சிரித்தோம். பவித்ரா சிரிக்கவில்லை. டப்பாவுக்குள் மடித்து வைத்திருந்த தாளை எடுத்துப் பிரித்துப் படிக்க ஆரம்பித்தாள். எங்களில் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். மேஸ்திரி அதைப் பிடுங்கிச் சட்டைப் பையில் சொருகிக்கொண்டு, "இன்னா, பரிச்சைக்குப் படிக்கிறியா" என்றார். அட்டிக்கும் பின் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் நுழைகிற இடம்தான் இருக்கும். "ஒல்லியா இருக்குது இந்தப் பொண்ணு, இது பின்னால போவட்டும்" என்றார்.

பவித்ரா மெதுவாகச் சொன்னாள். "எனக்குத் தெரியாதுங்க. யாரும் சொல்லித் தரல. நான் வைக்க மாட்டேன்." அவள் வாயிலிருந்து வெளி ஆளிடம் அத்தனை வார்த்தை வந்து நான் கேட்டதே இல்லை. மேஸ்திரி என்னைப் பார்த்தார். பெண் பேசியதற்கு அவர் என்னிடம் பதில் கேட்டார், நானும் கொடுத்தேன். "அவ செய்வா மேஸ்திரி. கூச்சப்படுறா" என்றேன். அவள் தோளில் கை வைத்து, "போடி, எல்லாரும் செய்யறோம் இல்ல" என்று அந்தச் சந்துக்குள் அனுப்பிவிட்டேன். பாலத்தில் தூக்கிக்கொண்டு நடந்தேனே, அதே கை.

இன்னொன்றும் செய்தேன். அதை மேஸ்திரி சொல்லவில்லை, நானாகச் செய்தது. பெருக்கும்போது தூசி பறக்கக் கூடாது என்று காலையில் தரை முழுவதும் தண்ணீர் தெளித்திருந்தேன். வாசல் தெளித்துப் பழகிய கை, எங்கே துடைப்பத்தை எடுத்தாலும் முதலில் தண்ணீரைத்தான் தேடும். அட்டியின் பின்னால் ஈரம் காயவே இல்லை. ஈரம் பட்டால் அந்த மாத்திரை உடனே புகையும், அதிலிருந்து வருவது ஆளைக் கொல்கிற வாயு என்று அந்தத் தாளில் தமிழிலேயே எழுதியிருந்ததாம். முதல் இரண்டு வரியை அவள் படித்துவிட்டிருந்தாள். உள்ளேயிருந்து, "அம்மா, இங்க ஈரமா இருக்குது" என்று குரல் வந்தது. "சீக்கிரம் வச்சிட்டு வா" என்றேன். கொஞ்ச நேரத்தில் பூண்டு வாசனை வந்தது. அஞ்சலை மூக்கை உறிஞ்சி, "யாருடி பூண்டுக் கொழம்பு எடுத்தாந்தது? எனக்கு ஒரு கரண்டி ஊத்துங்கடி" என்றாள். நாங்கள் எங்கள் சாப்பாட்டுத் தூக்குகளை மாறி மாறிப் பார்த்துக்கொண்டோம். யாரும் பூண்டுக் குழம்பு கொண்டுவரவில்லை. அந்த வாசனைதான் அந்த வாயு என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்?

சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் வெளியே வந்தபோது முகம் சாம்பல் மாதிரி இருந்தது. வாந்தி எடுத்தாள், மூச்சு வாங்கியது, பிறகு காலை மடித்து உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. ஆட்டோவில் வைத்துக்கொண்டு போகும்போது மேஸ்திரி என் காதோரம் சொன்னார். "சாப்பாடு ஒத்துக்கலன்னு சொல்லு. வயசுப் பொண்ணு, மாத்திரன்னு சொன்னா ஊரு இன்னா பேசும்னு உனக்குத் தெரியுமில்ல. போலீசு வேற வரும்." ஊர் என்ன பேசும் என்று எனக்குத் தெரியும். நம் பக்கத்தில் ஒரு பெண்ணையும் மாத்திரையையும் சேர்த்துச் சொன்னால் கேட்கிறவர்களுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான், சாகத் துணிந்து முழுங்கினாள் என்று. காதலா, கல்யாணமா, யார் அந்தப் பையன் என்று விசாரிப்பார்கள். எனக்கு அவள் மூச்சை விட அந்தப் பேச்சு பெரியதாகத் தெரிந்தது. இதைச் சொல்லும்போது வாய் கூசுகிறது, ஆனால் அதுதான் உண்மை.

செஞ்சியில் பார்த்துவிட்டு விழுப்புரத்துக்கு அனுப்பினார்கள். அங்கே சின்ன வயது டாக்டர் அம்மா ஒருத்தர் குனிந்து அவளிடம், "என்ன ஆச்சும்மா, என்ன சாப்பிட்ட?" என்று கேட்டார். நான் முந்திக்கொண்டேன். "நேத்து வச்ச மீன் கொழம்புங்க, ஒத்துக்கல." பவித்ரா கையைத் தூக்கி மூக்கில் மாட்டியிருந்ததைக் கொஞ்சம் விலக்கினாள். "சாப்பாடு இல்லைங்க. கோடவுன் மருந்து. மூச்சுல போச்சு. நான் முழுங்கல" என்றாள். நான் அப்போதும் விடவில்லை, "இல்லைங்க, பொண்ணு ஏதோ உளறுது" என்று ஆரம்பித்தேன். டாக்டர் அம்மா என் பக்கம் திரும்பி, கோபமில்லாமல், "அவ பேசட்டும்மா" என்றார். பிறகு ஓடினார்கள், வேறு பெரிய டாக்டரைக் கூப்பிட்டார்கள், அவளை வேறு வார்டுக்கு மாற்றினார்கள். அவள் சொல்லாமல் இருந்திருந்தால் வயிற்றுக்கு மருந்து கொடுத்துவிட்டு இருதயத்தைக் கவனிக்காமல் விட்டிருப்போம் என்று மறுநாள் அந்த அம்மாவே சொன்னார். ஒரே நாளில் இரண்டு தடவை என் பிள்ளைக்குப் பதிலாக நான் பேசினேன். இரண்டு தடவையும் அவள் உயிரைப் பற்றித்தான் பேசியிருக்கிறேன்.

ஆறு நாள் கழித்து வீட்டுக்கு வந்தாள். நீ சென்னையில் வேலைக்குச் சேர்ந்த புதுசு, லீவு சொல்லிவிட்டு ஆப்பிள் வாங்கிக்கொண்டு ஓடிவந்தாய். "ஃபுட் பாய்சன்டா" என்றேன். நீ அவள் தலையில் தட்டி, "கண்ட கடையில தின்னாத பிசாசே" என்றாய். அவள் என்னைப் பார்த்தாள், நான் ஆப்பிளை நறுக்க உட்கார்ந்துவிட்டேன். இரண்டு வருஷமாக நம் வீட்டில் ரசத்தில் பூண்டு போடுவதில்லை. பொங்கலுக்கு வந்தபோது நீ கேட்டாய், "பவிக்கு ஒத்துக்கல" என்று சொன்னேன். அந்த வாசனை வந்தால் அவள் எழுந்து வெளியே போய்விடுவாள். இன்றைக்கும் நாலு படி ஏறினால் நின்று மூச்சு வாங்குகிறாள். கோட்டைக்கு இனி அவளால் ஏற முடியாது. இதுதான் நடந்தது. உன்னிடம் மறைத்தது தப்பு, மறைத்ததால்தான் போன ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னது எனக்கு ஒரு சாதாரண விஷயம் போலக் காதில் விழுந்தது. மறைத்து மறைத்து எனக்கே மறந்து போயிருந்தது.

அதற்குப் பிறகு கோடவுனில் என்ன ஆனது என்றும் சொல்லிவிடுகிறேன், அதுவும் உனக்கு வேண்டும். அடுத்த தடவையும் மேஸ்திரி டப்பாவை நீட்டினார். "எனக்குச் சொல்லிக் குடுத்தவங்க யாரும் இல்ல. தெரிஞ்சவரு வரட்டும்" என்றேன். அவள் சொன்னதைத்தான் திருப்பிச் சொன்னேன், எனக்கென்று சொந்தமாக ஒரு வார்த்தை இல்லை. "வந்துட்டாங்க பாரு கலெக்டரம்மா" என்று சிரித்தார். மூன்று வாரம் எனக்கு வேலை இல்லை. ஆனால் அன்றைக்கு அவர் டப்பாவை அஞ்சலையிடம் நீட்டியபோது, அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "எக்கா தொடாதத நான் ஏன் தொடணும்? எனக்கும் புள்ள குட்டி இருக்குது" என்றாள். அப்புறம் வேறு வழியில்லாமல் திண்டிவனத்துக்காரருக்குப் போன் போட்டார்கள். அவர் மறுநாள் மத்தியானம் வந்தார். அவ்வளவுதான் தினேசு. ஒரு நாள் காத்திருந்தால் போதும். என் பெண்ணின் மூச்சை நாங்கள் அந்த ஒரு நாளுக்காகத்தான் கொடுத்திருந்தோம்.

நேற்று காலை பஸ் பிடித்து வல்லம் போனேன். எத்திராஜ் மாமா மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தார். "அண்ணா, அன்னிக்கி அவன் செய்வான்னு சொன்னேன் இல்ல, அது அவன் சொன்னது இல்ல, நான் சொன்னது. அத திரும்ப வாங்கிக்கறேன்" என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னாம்மா வெளையாடுறியா? நான் அங்க வார்த்த குடுத்துட்டேன். என் மூஞ்சிய எங்க கொண்டுபோயி வைக்கிறது?" என்றார். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது, நமக்கு நல்லது செய்ய வந்தவர். நான் பவித்ராவுக்கு நடந்ததைச் சொன்னேன். நான் இதைச் சொன்ன முதல் வெளியாள் அவர்தான். கேட்டுவிட்டு வாளியைக் கீழே வைத்தார். "உன் புள்ளையா இருந்தா அந்த ரூமுக்கு அனுப்புவியாண்ணா" என்றேன். "எம்புள்ள பேங்குல இல்ல இருக்கறான்" என்றார். சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது போல. வாளியை மாட்டின் பக்கம் தள்ளி வைத்துவிட்டு, "செரி, அவன போன எடுக்கச் சொல்லு. அவன் வாயாலயே கேட்டுக்கறேன்" என்றார். எடு. உன் வாயாலேயே சொல். நான் கொடுத்த பதில் இனி இல்லை.

சூப்பர்வைசரிடம் எப்படிப் பேசுவது என்று உனக்கு நான் சொல்லித் தர முடியாது, நான் பள்ளிக்கூடத்தையே சரியாகப் பார்க்காதவள். ஆனால் ஒன்று கவனித்தேன். பவித்ரா அன்றைக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்லவில்லை, தெரியாது என்று சொன்னாள், சொல்லித் தரவில்லை என்று சொன்னாள். நான்தான் அதைக் கூச்சம் என்று மாற்றிச் சொன்னேன். உன்னையும் பயந்தாங்கொள்ளி என்று சொல்வார்கள். அந்த வார்த்தைக்கு ரோஷப்பட்டு உள்ளே போய்விடாதே. எந்த வால்வு, எந்தக் கதவு, எந்த மாஸ்க் என்று உனக்குத் தெரியாததை ஒவ்வொன்றாக நாலு பேர் எதிரில் கேள். தெரிந்த ஒருவர் வந்து, நீ போதும் என்கிற வரைக்கும் கூட நின்று சொல்லிக் கொடுக்கட்டும், அப்போது நீ செய். வேலைக்குப் பயப்படுகிறவன் இல்லை நீ, அது எனக்குத் தெரியும். உனக்குப் பதிலாக வேறொரு பையனை அந்த ரூமுக்குள் தள்ளப் பார்த்தால் அவனிடமும் இதைச் சொல். அவனுக்கும் ஒரு அம்மா இருப்பாள், அவளும் அனுசரித்துப் போ என்றுதான் சொல்லியிருப்பாள்.

அவர்கள் உன்னை வேலையை விட்டுப் போகச் சொன்னால் வந்துவிடு. செஞ்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கி நேராக வீட்டுக்கு வா. அக்கம்பக்கத்தில் யாராவது, ஏண்டா வந்துட்ட என்று கேட்டால் நீ என்ன சொல்ல நினைக்கிறாயோ சொல், சொல்லாமலும் இரு. நான் பக்கத்தில் நின்றாலும் வாயைத் திறக்க மாட்டேன். இந்த வயதில் பழகிக்கொள்வது கஷ்டமாகத்தான் இருக்கிறது. நேற்று பஸ்ஸில் கண்டக்டர் ஒரு சின்னப் பெண்ணிடம் எங்கே இறங்கணும் என்று கேட்டார், நான் வல்லம் என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அது யார் வீட்டுப் பெண் என்றே எனக்குத் தெரியாது.

எழுதியதை எல்லாம் இப்போது பவித்ரா எனக்குப் படித்துக் காட்டினாள். நடுவில் ஒரு இடத்தில் நின்று ஏதோ யோசித்தாள், பிறகு படித்தாள். "அண்ணனுக்கு நீ எதனா சொல்லணுமா" என்று அவளிடம் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள். முன்னால் என்றால், அவளுக்கு ஒண்ணும் இல்ல என்று நானே முடித்திருப்பேன். இன்றைக்குக் கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். கடைசிப் பக்கத்தில் கொஞ்சம் இடம் இருக்கிறது, அதை அவளுக்கு விட்டுவிட்டு நான் எழுந்து போகிறேன். அவள் எழுதுவதை எனக்குப் படித்துக் காட்ட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

அண்ணா, நான் பவி. அம்மா சொன்னதை எல்லாம் சொன்னபடி எழுதியிருக்கிறேன். ஒரே ஒரு இடம் மட்டும் சரியில்லை, அம்மா எதிரில் திருத்த மனசு வரவில்லை. அன்றைக்குக் கோடவுனில் நான் மெதுவாகச் சொன்னேன் என்று அம்மா எழுதச் சொன்னாங்க. நான் மெதுவாகச் சொல்லவில்லை. சத்தமாகத்தான் சொன்னேன். எல்லாருக்கும் கேட்டது. நீயும் சத்தமாகத்தான் சொல்லியிருப்பாய். இன்னொரு தடவை சொல்லு அண்ணா.